ஈரத்தில் கிடந்த கத்தி

செவ்வாய் இரவு, பூன் லே.

என் வீட்டுக்காரரின் கத்தி இன்று சிங்க்கில் தண்ணீருக்குள் கிடந்தது. பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய இரும்புக் கத்தி. நறுக்கியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். இப்போது அவரே போட்டிருக்கிறார். துரு ஏறிவிட்டது.

"என்னங்க, இப்படியா போடுவீங்க?" என்று கத்தினேன்.

எடுத்து நேராக என் கையிலேயே கொடுத்தார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று, கல்யாணமானதிலிருந்து மேசையில் வைத்துத்தான் என்னை எடுக்கச் சொல்வார்.

"இந்தாங்க, தொடச்சு வச்சிருங்க."

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. 'இந்தாடி'தான்.

புளி வைத்துத் துருவைத் தேய்த்தேன், எண்ணெய் தடவினேன். சண்டை போட்டால் இவர் பழையபடி அவர்தான் என்று நம்பலாம்; வரட்டும் என்று இவ்வளவு நேரம் பார்த்தேன்.

வரவில்லை.