ஜூலையில் கம்பளி மஃப்ளர்

இன்னும் என் கணவனாகவே இருக்கும் உனக்கு,

எங்கள் புதுக் கால்பந்து அணிக்கு ரசிகர்களைச் சேர்ப்பது என் வேலை என்பது உனக்குத் தெரியும். லண்டன் ரசிகர்கள் அணி நிற மஃப்ளர் போட்டுக்கொள்வதைப் பார்த்து, முதல் ஆட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் கம்பளி மஃப்ளர் கொடுத்தேன். நம் அரிசோனாவில், ஜூலை வெயிலில்! "உனக்கென்ன பைத்தியமா?" என்று முதலாளி கத்தினார்.

கார் நிறுத்துமிடத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த டார்லீன் என்ற ரசிகைதான் அதை முதலில் பியர் பெட்டியின் ஐஸ் தண்ணீரில் முக்கிக் கழுத்தில் போட்டாள். "அடியே, சொர்க்கம்டி! எல்லாரும் முக்குங்கப்பா!" அவ்வளவுதான். அரங்கில் ரசிகர்கள் அடித்த முரசுக்குப் பின்னால் நின்ற கூட்டம் முழுக்க ஈர மஃப்ளர்.

அந்தக் கூட்டத்தில் நீ.

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் பயிற்சியாளன் நீ. "தொண்ணூறு நிமிஷம் ஓடியும் ஒரு கோல் விழல, இதெல்லாம் ஒரு ஆட்டமாடி?" என்று, வீட்டை விட்டுப் போகும்வரை நீ கேலி செய்யாத நாளுண்டா? அன்றும் கோல் விழவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் மஃப்ளரைப் பிழிந்தபடி நின்றுகொண்டிருந்தாய். நான் உன்னைக் கூப்பிடாமல் காலி மஃப்ளர் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டேன்.

வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உன்னிடமும் அதையே கேட்கிறேன். எதற்காக வந்தாய்?

பழைய வீட்டிலேயே இருக்கும்,
உன் வீட்டுக்காரி