டேரல் எறியட்டும்

9 ஜூன் 1987, செவ்வாய். ஷாஃப்ஹவுசன், சுவிஸ்.

காலையிலிருந்து மழை. மதியம் பஸ் பஸ்ஸாக ஜெர்மன்காரர். கோப்பை கழுவிக் கை ஊறிப்போச்சு. பிறகு சிம்மர்ஸ்டுண்டே, ஹோட்டல் வேலைக்காரருக்குப் பிற்பகல் ஓய்வு. மற்றவர்களுக்கு நித்திரை, எனக்கு டேரல்.

டேரல் கறுப்பு அமெரிக்கன். நானும் ஆடும் அமெரிக்க ஃபுட்போல் கிளப்பில் ஆட்டம் தெரிந்த ஒரே ஆள். கார் நிறுத்துமிடத்தில் அவன் முட்டைப் பந்தை எறிய, நான் பிடிக்க. என்ன எறி! நேரே நெஞ்சுக்கு. ஆனால் போட்டியில் அவனை ஓடத்தான் விடுகிறார்கள், எறியவிடுவதில்லை.

ஏன் என்று இன்று கேட்டேன். சிரித்தான். கல்லூரி வரைக்கும் அவன்தான் எறிபவன். யார் எங்கே ஓடுவது என்று சொல்பவனும் எறிபவன்தானே. சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிக்குப் போனதும் "உன்ர வேகத்தை வீணாக்காதை, ஓடு" என்றார்களாம். கறுப்பனுக்குக் கால், வெள்ளையனுக்குத் தலை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம். மாட்டேன் என்றான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கேயாவது எறியலாம் என்று வந்தவன். இங்கேயும் அதே பல்லவி.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

11 ஜூன், வியாழன்.

வெயில். முழங்கை நோ. சவர்க்காரம் முடிஞ்சுது.

பயிற்சி முடிய, பயிற்சியாளர் கெல்லரிடம் என் உடைந்த ஜெர்மனில் கேட்டேவிட்டேன். தோளில் தட்டினார். "டேரலின்ர கால் தங்கம். எறியிறதுக்குத் தலை வேணும்." கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் கொதி. எறிபவன் அவருடைய அக்காவின் மகன் உர்ஸ். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. தலையாம், தலை!

அறைக்கு வந்து, கூட இருக்கும் குமார் அண்ணையிடம் கொட்டினேன்.

"உன்ர அகதி வழக்கே பேர்னில கிடக்குது. நீ ஆரின்ரையோ முட்டைப் பந்துக்கு வழக்காடப் போறியோ?"

"ஓம் அண்ணை, போறன்."

"விசரன்" என்றார். ஆனாலும் சோறு போட்டுத் தந்தார்.

12 ஜூன், வெள்ளி.

கிளப் கூட்டம், பீர்க்கடை மேல்மாடி. சுவிஸ்காரருக்குக் கை உயர்த்தாமல் ஒன்றும் நடக்காது. புதுக் காலுறை நிறத்துக்கே வாக்கெடுப்பு. சிவப்பு வென்றது. பிறகு தலைவர் வழக்கம்போல, "வேற ஏதாவது?"

எழும்பிவிட்டேன். "ஞாயிறு டேரல் எறியட்டும். வாக்கெடுப்பு."

டேரல் மேசையைப் பார்த்தபடி. கெல்லருக்கு முகம் சிவந்தது. "அது பயிற்சியாளரின்ர வேலை!"

தலைவர், காலுறைக்குப் பேசிய அதே குரலில்: "அங்கத்தவர் பிரேரணை வச்சால் கை உயர்த்தத்தான் வேணும்."

என் கை மட்டும் மேலே. அடுத்த கை உர்ஸ்!

"மாமா, நான் எறிஞ்ச வடிவை எல்லாரும் பாத்திட்டினம்தானே."

ஒரே சிரிப்பு. பிறகு கை, கை, கை. கெல்லர் மட்டும் கை கட்டியபடி.

இந்த நாட்டில் இருக்க விடுவார்களோ தெரியாது. என் கையையும் எண்ணினார்கள். நெஞ்சு விம்மிப்போச்சு.

14 ஜூன், ஞாயிறு.

வென்றோம்! வென்றோம்! வென்றோம்!

டேரலா அது? எல்லோரையும் வட்டமாகக் கூட்டி, நீ அங்கே, நீ இங்கே. உர்ஸ் முதல் எறியையே பிடித்துக்கொண்டு கோடு தாண்டினான். எனக்கு வந்ததையும் பிடித்தேன். பிடித்த சந்தோசப் புளுகத்தில், ஊரில் கிரிக்கெட்டில் செய்வதுபோல, பந்தை வானத்துக்கு எறிந்து துள்ளினேன். ஐயோ! இந்த ஆட்டத்தில் பந்தை விடக்கூடாது. எதிரி ஒருவன் பொறுக்கிக்கொண்டு ஓடியே போனான். கெல்லர் தலையில் கை.

டேரல் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் பார்த்தால் திரும்பவும் எனக்கே எறிகிறான்! பந்தைக் கட்டிப்பிடித்தபடி கோட்டுக்கு அங்கால் விழுந்தேன். மேலே அரைவாசி கிளப்.

கெல்லர் டேரலிடம் நடந்து வந்தார். "இனி நீதான்" என்றார். வேறு கதை இல்லை. கை கொடுத்தார்.

பின்னேரம் டெலிபோன் கூண்டில் டேரல், அமெரிக்காவில் தாயுடன். நான் கதவைப் பிடித்தபடி. ஒவ்வொரு ஞாயிறும் தாய் ஒரே கேள்விதானாம், "எறிஞ்சியோ, ஓடினியோ?" என்று. இன்று அவள் கேட்க முன்னமே சொன்னான்:

"அம்மா, எறிஞ்சன்."

அவ்வளவு பெரிய மனிதன் விக்கி விக்கி அழுகிறான். எனக்கும் கண்ணீர். வெளியே நின்ற சுவிஸ் மனுசி கண்ணாடியில் தட்டத் தொடங்கினாள். தட்டட்டும்.