இடதுபக்க பிரேக் லைட்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்?

நான் குடியிருக்கும் பழைய கேரவன் வண்டி நேற்று வாகனத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. கூரை ஒழுகலை நானே அடைத்தேன், தரைப்பலகையை மாற்றினேன், சோலார் தகடும் பொருத்தினேன். சோதனை அதிகாரி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. "உள்ள அரண்மனை மாதிரி வச்சிருக்கீங்க மேடம். பிரேக் போட்டா இடதுபக்க லைட் எரியலையே!" என்றார்.

சோதனைக்குப் போகுமுன் நானும் பார்த்தேன்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்க முடியுமா? பெடலுக்குக் குடையை முட்டுக்கொடுத்துவிட்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் குடை சரிந்துவிட்டது. பக்கத்து வண்டிக்காரரைக் கேட்க மனம் வரவில்லை. வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுவதைக் கண்ணாடியில் பார்த்து, இரண்டும் எரிகின்றன என்று நம்பிவிட்டேன். எரிந்தது ஒன்றுதான்.

நம் காருக்கு நீங்கள் பின்னால் நிற்பீர்கள். "எரியுதா?" என்று கத்துவேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "எரியுது, எரியுது" என்பீர்கள். அதற்கு எத்தனை சண்டை!

துருப்பிடித்த பல்பு ஹோல்டரை மாற்றிவிட்டேன். வியாழக்கிழமை மறுசோதனை. அதிலும் தேறாவிட்டால் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. வண்டி நிற்கும் இந்த இடத்தையோ மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

அலமாரியில் இருக்கும் என் பழைய மூக்குக் கண்ணாடியை அனுப்புங்கள். சின்னத் திருகாணிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடை மூடுவதற்குள் பல்பு வாங்கப் போகவேண்டும். விடுமுறைக்கு வருவதை இந்த முறையும் தள்ளிப்போடாதீர்கள். செய்தித்தாளோடு வந்து நின்றாலும் போதும்.

உங்கள் மனைவி