மூன்று வருஷத்துக்கு ஒரே சாட்சி

டார்லா,

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, சோளரொட்டி மூடி வைத்திருக்கிறேன். என்னை டயாலிசிசுக்குப் பக்கத்து வீட்டு வெர்னன் தன் வண்டியில் கூட்டிப்போகிறான்.

நேற்று ஒருத்தி போன் செய்தாள். "மருத்துவக் கல்லூரியிலேர்ந்து பேசறோம். டார்லா மூணு வருஷம் அவங்க அம்மாவைப் பாத்துக்கிட்டது நிஜமா?" என்றாள். காப்பீடு விற்கிறவர்கள்தான் இப்படித் துருவுவார்கள் என்று நினைத்தேன். "அப்படி எதுவும் இங்க நடக்கல. ஏமாற வேற எவனாவது இருப்பான், பாரும்மா" என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை உன் மேசையில் மருத்துவக் கல்லூரிக்கு நீ போட்ட விண்ணப்பத்தைப் பார்த்தேன். படிப்பு தவிரச் செய்த வேலைகளுக்குப் பதினைந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி. அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு என் பெயர். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த எண்ணுக்கே திருப்பி அழைத்தேன். "பொய்னு குறிச்சு மேல அனுப்பியாச்சு தாத்தா. இனிமே மாத்த முடியாது" என்றாள்.

நீ உன் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

சாவி வெர்னன் மனைவியிடம்.

அப்பா

என்னோடு நீ பேச வேண்டாம். ஆனால் மூவாயிரம் மணி நேரம் என்று எழுதியிருக்கிறாயே, அது தப்பு. ராத்திரிகளை நீ சேர்க்கவே இல்லை.