வாசல்வரை ஒரு சரிவு

மார்ச் 2

கடல் தாண்டி வாழும் மருமகளுக்கு, அகில உலகத் திட்டக் குழுவின் தலைவரும் செயலாளரும் கடைநிலை ஊழியருமான உன் தாய்மாமன் எழுதுவது.

கால் இரண்டும் ஓய்ந்துபோன உன் அம்மாவை, ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அழைத்துவரும் மகாதிட்டம் தொடங்கிவிட்டது. கூடம் இனி அவள் அறை. குளியலறைக் கதவு யானை நுழையும் அகலத்துக்கு மாறிவிட்டது. வாசற்படிமேல் சிமெண்ட் சரிவு போடக் கொத்தனார் வந்தாயிற்று. நாற்காலியை யார் எப்போது தள்ளுவது என்று பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு எல்லோருக்கும் முறை பிரித்து அறிவித்துவிட்டேன். தெருநாய்க்கும் தகவல் சொன்னேன். வாலாட்டி ஒப்புதல் தந்தது.

அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும்!

தம்பட்டத்துடன்,
மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். உங்களுக்கே முதுகுவலி. எத்தனை காலம் பார்ப்பீர்கள்? வீடு சரிப்படாவிட்டால் இருக்கட்டும் என்று, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரல் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதீர்கள், மனசு உடைந்துபோவாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், மாமா.

உங்கள் மருமகள்

மார்ச் 28

மருமகளே,

மகாதிட்டம் மண்ணைக் கவ்வியது.

தெருவே திரண்டு அக்காவைத் தள்ளி மேலே ஏற்றியது. நான் வரவேற்புரை ஆற்றினேன். அவள் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, மலையா?"

"ஏத்தத்தான் ஆள் இருக்கேக்கா!"

"இறங்கணும்னா?"

"ஒரு குரல் குடு, ஓடி வந்துடுவோம்."

"வாசல்ல போய் நிக்கறதுக்கும் ஊரைக் கூப்பிடணுமா? இத்தனை வருஷமா தையல் தைக்கிறேன், அளவெடுக்காம ஒரு துணியில கத்திரி வெச்சதில்ல. ஊருக்கெல்லாம் தமுக்கடிச்சியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

மிச்சமிருந்த வரவேற்புரையை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டேன்.

"இப்படி அடைபட்டுக் கிடக்கறதுக்கு ஆஸ்பத்திரியே தேவலை" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டம்மா வந்து கூப்பிட்டும் வாசலுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

மாமா

ஏப்ரல் 12

மருமகளே,

சரிவை உடைத்தாயிற்று. அக்காவை நாற்காலியோடு படிக்குக் கீழே இறக்கி, "நீயே சொல்லுக்கா" என்றேன். துணியில் கோடு போடும் சாக்பீஸை ஒரு குச்சியில் கட்டித் தரையில் இழுத்தாள். கோடு படியில் தொடங்கி, என் பைக் நிற்கும் இடத்தை விழுங்கி, கேட்டருகே போய் முடிந்தது. கொத்தனார் அந்தக் கோட்டின்படியே போட்டார்: நீளமான, தாழ்ந்த சரிவு. பைக் தெருவுக்குக் குடிபோய்விட்டது.

இன்று காலை தனியாக இறங்கினாள்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

பின்னால் கைகட்டி நின்றேன். பாதியில் சக்கரம் வழுக்கியது. என் உயிர் எமனிடம் போய் நலம் விசாரித்துத் திரும்பியது. அவளே இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி உருட்டினாள். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முதியோர் இல்லத்தைப் பற்றி இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ உனக்கு எழுதவும் மாட்டேன், கண்ணு. அவளையே கேள். இனி என் பெயருக்குக் கடிதம் போடாதே, அவள் பெயருக்குப் போடு.

தபால்காரர் கேட்டில்தான் மணியடிப்பார். அவளே வந்து வாங்கிக்கொள்வாள்.

உன் மாமா