தாயின் விருப்பப்படி

முதுநகர், கடலூர்
மே 11

அன்புள்ள மாமாவுக்கு,

இளமதி எழுதுகிறேன். இங்கே நான், பாப்பா, அம்மா மூவரும் சுகம். மஸ்கட்டில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தினமும் வீடியோவில் பார்க்கிறவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர். இங்கே என் பக்கத்தில் அம்மா. நான் ஒன்று கேட்க வாயெடுத்தால் நீங்கள் "பாப்பாவக் காட்டு" என்பீர்கள். காட்டுவேன். பேச்சு அதோடு போய்விடும். சிலம்பரசன் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார் என்று தெரிந்ததும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பார்சலில் நெத்திலிக் கருவாடும், காடாம்புலியூர் சித்தி கொடுத்த முந்திரியும், பூண்டு ஊறுகாயும் இருக்கின்றன. கடிதத்தை முந்திரி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அறையில் எல்லோரும் இருக்கும்போது பிரிக்காதீர்கள்.

முதலில் பாப்பா. நான்கு கிலோவுக்கு இன்னும் நூறு கிராம்தான் பாக்கி. முகம் பார்த்துச் சிரிக்கிறாள். மூச்சைப் பற்றி இனிப் பயம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் பால் சுறா வந்தால் அம்மா விடுவதில்லை, புட்டு செய்து தட்டு நிறைய வைத்துவிடுகிறது. அதனால் பாலுக்குக் குறைவில்லை.

என் தையல் ஆறிவிட்டது. எட்டாம் நாள் சீழ் வைத்து, பிரித்து, தினமும் மருந்துத் துணி திணித்து, மறுபடி தைத்தார்கள். அது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாததும் இருக்கிறது. ஒரு மாதம் வரை தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தும்முவேன். நேராக எழுந்திருக்க முடியாது. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம்தான் எழுவேன். பாப்பா அழும்போது அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று சொன்னால் புரியாது. தையலைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இன்னும் மரத்தே கிடக்கிறது. தொட்டால் வேறு யாருடைய வயிற்றையோ தொடுகிற மாதிரி இருக்கிறது.

இனி சொல்ல வந்தது.

பிரசவத்துக்கு நான் எப்படித் தயாரானேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸ் பொன்னி அக்கா சொன்னபடி, ஐந்தாம் மாதத்திலிருந்து மஞ்சக்குப்பம் மைதானத்தில் தினம் காலை மூன்று சுற்று நடந்துவிட்டுத்தான் இ-சேவை மையத்தைத் திறப்பேன். மூச்சுப் பயிற்சி செய்தேன். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுந்தேன். நார்மலாகத்தான் பெறுவேன் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஏப்ரல் நான்காம் தேதி என்று நாள் குறித்திருந்தார்கள்.

நீங்கள் லீவில் வந்திருந்தபோது, மார்ச் பதினான்காம் தேதி, சிதம்பரத்தில் அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போனோம். திலகவதி அண்ணி எனக்கு நாத்தனார் மாதிரி இருந்ததே இல்லை. மசக்கையில் நான் சாப்பிடாமல் கிடந்தபோது டியூட்டி முடிந்து பஸ் ஏறி வந்து சோறு ஊட்டிவிட்டுப் போனவர். அன்று அவர் ரிப்போர்ட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு இளமதி. கொழந்தைக்கு ஆவாது. நாளைக்கே எடுத்துடணும்" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பயத்தில் நிற்கிறீர்கள் என்று நினைத்து, உங்கள் கையைப் பிடித்து நான்தான் தைரியம் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணிதான் எனக்கு ரெட்டை ஜடை போட்டுவிட்டார். வளையலையும் மெட்டியையும் கழற்றித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நான்கைந்து தாளை நீட்டினார். இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களிடம், படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தினமும் சொல்கிறவள் நான். அண்ணி நீட்டியதால் ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன். டாக்டரம்மா வந்து "சரிதானேம்மா? யோசிச்சிட்டீங்க இல்ல?" என்று கேட்டார். "கொழந்த நல்லா இருந்தா போதும் டாக்டர்" என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் பதில் சொன்னது வேறொன்று என்று இப்போது புரிகிறது.

முதுகில் ஊசி போட்டபின் உடம்பு உதறியது. வலி இல்லை. ஆனால் உள்ளே கைவிட்டுப் பிடித்து இழுப்பது தெரிந்தது. பாப்பாவை என் கன்னத்தில் ஒரு தடவை வைத்துவிட்டுக் கொண்டுபோனார்கள். வெளியே நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், அழுதீர்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்தது. அன்று சாயங்காலமே பாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் எடுத்துப்போனபோது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கூடப் போனதும் அண்ணிதான். அதை நான் மறக்க மாட்டேன். ஆறு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். நான் ஒரு ஆஸ்பத்திரியில், அவள் ஒரு ஆஸ்பத்திரியில். பீய்ச்சி எடுத்த பாலைக் கிண்ணத்தில் மூடி அம்மா ஆட்டோவில் கொண்டுபோகும். பத்தொன்பதாம் தேதி நீங்கள் விமானம் ஏறிய அன்றும் அவள் பெட்டியில்தான் இருந்தாள். நீங்கள் அவளைக் கையில் வைத்திருந்தது அந்த ஒரு பகல் மட்டும்தான்.

மையத்தில் கக்கூஸ் கிடையாது என்பதால் நான் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் பனிக்குடத்தில் நீர் வற்றியது, என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று நம்பினேன். வீட்டுக்கு வந்தபின் அவளை மடியில் போடும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் போனில் அழுதபோது நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அந்த சென்டர்ல உக்காந்துகிட்டு ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம கெடந்த. அதான் பாப்பா இவ்ளோ கஷ்டப்பட்டுச்சு. இனிமேலாச்சும் ஒடம்பப் பாரு." நியாயமாகத்தான் சொல்கிறீர்கள் என்று அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு பொன்னி அக்காவிடம் போனேன். குழந்தை பெட்டியில் இருந்ததால் என் டிஸ்சார்ஜ் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி பன்னெண்டு சென்டிமீட்டர் இருந்திருக்கே, நல்ல அளவுதானே. ஆபரேஷன் நீயா கேட்டு பண்ணிக்கிட்டதுன்னு எழுதியிருக்கு. என்கிட்ட அவ்ளோ நாள் பயிற்சி எடுத்துட்டு, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆபரேஷனுக்குக் காரணம் என்ற இடத்தில், தாயின் விருப்பப்படி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. அதோடு பிணைத்திருந்த சம்மதத் தாளில் என் கையெழுத்து. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பொய் சொன்னவள் என்ற பெயர் எனக்கு.

அடுத்த வாரம் தையல் காட்ட சிதம்பரம் போனேன். மருந்து அறையில் அண்ணி தனியாக இருந்தார். தாளை நீட்டி, தண்ணி கம்மி என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். "தம்பிதான் கெஞ்சினான். அப்பா மொகத்தக் கடைசியாக்கூட பாக்கக் குடுத்து வெக்கல, கொழந்த மொகத்தையாச்சும் பாத்துட்டுப் போறேன்னு அழுதான். முப்பத்தேழு வாரம் ஆயிடுச்சே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். தப்புதான்" என்றார். நான் நம்பவில்லை. தம்பி மேல் பழி போடுகிறீர்கள் என்றேன். அதற்குத்தான் அவர் தன் போனை எடுத்து நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார்.

மாமா, அது உங்கள் குரல்தான். "அக்கா, எப்புடியாச்சும் பதினெட்டுக்குள்ள எடுத்துடு. இளமதிகிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டா, நார்மல் நார்மல்னே நிப்பா. தண்ணி கம்மி, கொழந்தைக்கு ஆவாதுன்னு சொல்லு. ஒடனே ஒத்துப்பா."

எனக்கு எங்கே கை வைத்தால் வலிக்கும் என்று தெரிந்து அங்கேயே கை வைத்திருக்கிறீர்கள்.

மாமனார் போனபோது நீங்கள் வர முடியாமல் தவித்ததை நான் அறிவேன். இனி இரண்டு வருடத்துக்கு லீவு கிடையாது என்பதும் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பாவப் பாக்காம போவ முடியல இளமதி" என்று சொல்லியிருந்தால், நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். கடைசியில் ஒருவேளை நானே சரி என்றிருப்பேன். டாக்டரம்மாவிடம் இருபது நாள் முன்னால் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் செய்துவிட்டீர்கள். வயிறு என்னுடையது. தேதி உங்களுடையது.

அதைக்கூட என்றாவது மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். மறக்க முடியாதது வேறு. தண்ணீர் வற்றவே இல்லை என்று தெரிந்துகொண்டே, என்னால்தான் வற்றியது என்று போனில் திட்டினீர்களே, அது. விமானம் ஏறியாகிவிட்டது. யாரும் உங்களைச் சந்தேகப்படவில்லை. நான் அழுதபோது, அது உன் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மற்றதை மறைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் "மருமவன் ஆபரேஷனுக்கு வாசல்லயே நின்னாரு" என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களைக் காப்பாற்றுகிறேனா, என் மானத்தைக் காப்பாற்றுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

ஐந்தாம் மாதம் கிள்ளைக்கு, உங்கள் வீட்டுக்கு, அழைத்துப்போவதாக அத்தை சொல்லியிருக்கிறார். நான் இப்போது வருவதாக இல்லை. அத்தை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மாதம் ஒரு தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே போய்க் காட்டிவிட்டு வருகிறேன். ஆறாம் மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். மையத்தில் பேசிவிட்டேன்.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றிவிட்டேன். தமிழினி. இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம் என்றுதான் வைத்திருந்தோம். உங்களைக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. ஏற்றிய பிறகு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

இதற்குப் போனில் பதில் சொல்ல வேண்டாம். அண்ணியிடம் கேட்டுக்கொண்டும் சொல்ல வேண்டாம். ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று எழுதுவதானால் எழுதாமலே இருங்கள். வேறு ஏதாவது எழுத வந்தால், உங்கள் கையால் எழுதி, வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. அதுவரை தினமும் பாப்பாவை வீடியோவில் காட்டுவேன். அவளுக்கு அப்பா வேண்டும். போனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

மொட்டை மாடியில் ஏசி மாட்ட ஏறும்போது இடுப்பில் பெல்ட்டைக் கட்டாமல் ஏறாதீர்கள். மதிய வெயிலில் மேலே போகச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒரு குறையும் இல்லாமல் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன், அது மட்டும் மாறவில்லை. வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, உங்களுக்குச் சங்கடமான உண்மை ஒன்றை முதலில் நீங்களாகவே சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தமிழினியின் அம்மா
இளமதி