பத்தொன்பதாம் வளையம்

நாள் 211 | 09:10

வழக்கமான பதிவு. எழுதுவது எஸ்தர் சுகந்தி, வடிவமைப்பு மேலாளர், செவ்வாய்க் கிரகக் குடியிருப்புச் சுரங்கம். எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக எழுதுகிறேன்.

என்ன வேலை என்று என் அம்மாவே கேட்டிருக்கிறாள். வரைகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கட்டுகிறவர்கள் இங்கே. ஒரு செய்தி போய்ச்சேரப் பதினேழு நிமிடம், பதில் வர இன்னொரு பதினேழு. நான் வரைவதில்லை, கம்பி கட்டுவதும் இல்லை. வரைந்தது கட்டக்கூடியதா என்று பார்க்க வேண்டும். கட்டுகிறவர் கையில் சரியான வரைபடம் சரியான நாளில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்று மூன்று கேள்விகள். சுரங்கக் கூரையைத் தாங்கும் கான்கிரீட் வளையங்களில், இனிப் போடவேண்டிய வளையம் 21-இன் வரைபடத்தில் காற்றுக்குழாய் கம்பியில் இடிக்கிறது. குழாயை ஒரு சாண் நகர்த்தச் சொல்லிவிட்டேன். கதவுச் சட்டம் நாலு செ.மீ. பெரிது. கட்டுமானப் பொறுப்பாளர் தங்கப்பழம் அனுப்பிய செய்தி: "மேடம், கதவு பெருசா இருக்கு, சுவரு சிறுசா இருக்கு. எதை வெட்டணும்னு சொல்லுங்க, வெட்டிருதோம்." சாத்தான்குளத்துக்காரர். முப்பது வருடமாகச் சுரங்கம்தான். அவரிடம் ஆறு பேர்.

மூன்றாவது, வளையம் 19. சென்னையின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நாள் 212 | 17:40

வளையம் 19-இன் அழுத்தமானி: 61. நேற்று 54. நூறைத் தொட்டால் கான்கிரீட் நொறுங்கும். மானியில் கோளாறாக இருக்கலாம். நாளை சுரங்கக் கடைசியில் உள்ள அளவீட்டு அறைக்கே போய்ப் பார்க்கிறேன். தங்கப்பழத்திடம் இன்னும் சொல்லவில்லை.

நாள் 213 | 10:20

10:05-க்குக் கூரை சரிந்தது. வளையம் 19-க்கும் நான் இருக்கும் அளவீட்டு அறைக்கும் நடுவே, வளையம் போடாத இடத்தில். வழி முழுக்கப் பாறை. அறையில் காற்று கசியவில்லை. கையில் சிராய்ப்பு. உடையில் உள்ளதையும் சேர்த்து முப்பது மணி நேரக் காற்று. நாளை மாலை நாலு மணி வரை. மானிகள் ஓடுகின்றன. கம்பிவழித் தொலைபேசி வேலை செய்கிறது.

10:32

"மேடம், உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணாச்சி. பெரிசா அடி ஒண்ணும் இல்ல."

"பயப்படாதீங்க. அள்ளுற மிஷினைக் கொண்டாரச் சொல்லிட்டேன். ஆறே மணி நேரம், உங்க வாசல்ல நிப்போம்."

அழுதுவிட்டேன். அதையும் பதிந்து வைக்கிறேன்.

11:10

வளையம் 19: 48. பாறை விழுந்த பிறகு அழுத்தம் குறைந்திருக்கிறது. கால் மணி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. விழுந்த பாறை வளையத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இப்போது அந்த வளையத்தைத் தாங்குவதே அந்தப் பாறைதான். மிஷின் அதை அள்ளினால் 19 விழும். ஆறு பேரும் அதன் அடியில்தான் நிற்பார்கள்.

அவர்கள் அது பலமான வளையம் என்று நம்புகிறார்கள். இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நாள் 205-இல் சென்னையிலிருந்து நான்காம் திருத்தம் வந்தது. 19-க்கு மேலே பாறை மோசம், கம்பியை இரட்டிப்பாக்கு என்று. அதே வரைபடத்தில் குழாய் ஒன்று தவறான இடத்தில் இருந்தது. பிழையோடு அனுப்பினால் தங்கப்பழம் சிரிப்பார். சரிசெய்து அனுப்பலாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். நடுவில், 206-ஆம் நாள், அவர் மூன்றாம் திருத்தத்தை வைத்து 19-க்குக் கான்கிரீட் போட்டுவிட்டார். அவர் கையில் இருந்தது அதுதான்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே இடித்திருப்பார். பதினோரு நாள் வேலை வீண். யாரால் என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய கம்பியே போதுமா என்று சென்னைக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, போதும் என்று பதில் வருமென்று காத்திருந்தேன்.

11:25

"அண்ணாச்சி, மிஷினை நிறுத்துங்க. யாரும் பத்தொம்பதுக்குக் கீழ நிக்க வேண்டாம். அது பழைய டிராயிங்ல போட்டது. பாதிக் கம்பிதான் இருக்கு."

"புது டிராயிங் எரநூத்தி ஏழாம் நாளுதானே வந்துச்சு?"

"எனக்கு எரநூத்தி அஞ்சாம் நாளே வந்திருச்சு."



"ரெண்டு நாளு உங்க கையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்கும்போது?"

"ஆமா அண்ணாச்சி."

தொலைபேசியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஏழு நிமிடம் கழித்து மறுபடி எடுத்தார்.

"சரி. இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பு கேட்க எனக்கும் நேரமில்லை.

12:15

திட்டம்: தரையில் கேபிள் போகும் பள்ளம் இருக்கிறது. எழுபது செ.மீ. அகலம். 19-க்கு அடியில் புகுந்து, பாறைக்குக் கீழாக என் அறை வரை ஒன்பது மீட்டர். அடைந்திருக்கும் மண்ணைக் கையால் எடுக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு முட்டு. ஒருவர் படுத்துத் தோண்ட, மற்றவர்கள் பின்னால் வாங்குவார்கள். முட்டு எங்கே வர வேண்டும் என்று நான் சொல்வேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மானியைப் படிப்பேன். மொத்தம் இருபத்துநாலு மணி நேரம் ஆகும். காற்று போதும்.

14:40

என் கேள்விக்குச் சென்னையின் பதில் இப்போதுதான் வந்தது: "மூன்றாம் திருத்தப்படி கட்டியிருந்தால் வளையம் 19 பாதுகாப்பற்றது. உடனே இடிக்கவும்."

19:30

மூன்றரை மீட்டர். மானி 63. குளிருகிறது, சூடேற்றியைக் குறைத்து வைத்திருக்கிறேன். முன்னால் படுத்துத் தோண்டுவது ஷாகுல். அவன் தோள் பள்ளத்தில் சிக்குகிறதாம். "மேடம், நீங்க வரைஞ்ச பள்ளமா இது? இன்னும் ரெண்டு அங்குலம் குடுத்திருக்கலாமே" என்றான். நான் வரைவதில்லை ஷாகுல் என்றேன். எல்லோரும் சிரித்தது தொலைபேசியில் கேட்டது. தங்கப்பழம் சிரித்தாரா தெரியவில்லை.

நாள் 214 | 08:15

6.8 மீட்டர். மானி 79. முட்டுகளை நெருக்கி வைக்கச் சொன்னேன். பலனில்லை. மண் எடுக்க எடுக்கப் பாறை அசைகிறது. பாறை அசைய அசைய 19-இன் மேல் சுமை ஏறுகிறது. இந்த அறை நாலடிக்கு ஆறடி. எழுந்து நின்றால் தலை இடிக்கும். எத்தனை முறை எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.

11:20

8.1 மீட்டர். மானி 91. தரைக்கு அடியில் ஷாகுலின் சுத்தியல் கேட்கிறது. அவ்வளவு பக்கம்.

"அண்ணாச்சி, தொண்ணூத்தொண்ணு. ஆளை வெளிய எடுங்க."

"இன்னும் ஒரு மீட்டர்கூட இல்ல மேடம்."

"ஒரு மீட்டருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் பத்தொம்பது நிக்காது."

"நின்னாலும் நிக்கும்."

"கணக்கு எங்கிட்ட இருக்கு."

"ஆளு எங்கிட்ட இருக்கு. நேத்தே கேட்டுட்டேன், ஒருத்தனும் போமாட்டேங்கான்."

11:48

மானி 95. முறைப்படி பணி நிறுத்த உத்தரவு கொடுத்தேன். வடிவமைப்பு மேலாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. கட்டுமானப் பொறுப்பாளர் கட்டுப்பட வேண்டும்.

"உங்க உத்தரவை உங்களை வெளிய எடுத்தப்புறம் வாங்கிக்கிடுதேன்" என்றார்.

சுத்தியல் நிற்கவில்லை.

12:02

மானி 97. நான் உயிரோடு இருக்கும் வரை அவர்கள் போக மாட்டார்கள்.

"அண்ணாச்சி, சுவர் பிளந்திருச்சு. காத்து போகுது. உடையும் கிழிஞ்..."

பேசுவதை நடுவில் நிறுத்தினேன். என் பக்கத்து ஒலிவாங்கியை அணைத்தேன்.

பொய். சுவருக்கு ஒன்றுமில்லை. காற்று நன்றாக இருக்கிறது.

12:06

"மேடம். மேடம். சுகந்தி மேடம்."

12:11

சுத்தியல் வேகமாகிவிட்டது. இதை எதிர்பார்க்கவில்லை. போங்கள். தயவுசெய்து போங்கள்.

12:17

சுத்தியல் நின்றது. இப்போது தட்டுகிறார்கள். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. தரையில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது. வலது கை பதிலுக்குப் போனது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

12:24

"ஏ தாயி, ஒரு தட்டு தட்டும்மா. ஒண்ணே ஒண்ணு போதும். நாங்க வந்திருதோம்."

மேடம் என்று சொல்லவில்லை.

மானி 98.

12:31

ஷாகுல் அழுகிறான். தங்கப்பழம் அவனைத் திட்டி வெளியே இழுக்கிறார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். விரல் விட்டு எண்ணுகிறேன். அஞ்சு. ஷாகுலோடு ஆறு. கடைசியாக அவர் குரல், வளையத்துக்கு அப்பாலிருந்து: "எல்லாம் வந்தாச்சு."

12:40

தரை குதித்தது. விளக்கு போய் வந்தது. 19-இன் மானியில் எண் எதுவும் இல்லை. வெறும் கோடு.

தொலைபேசிக் கம்பி மட்டும் எப்படியோ அறுபடவில்லை.

12:58

தங்கப்பழம் சென்னைக்கு அறிக்கை சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டார்.

"வடிவமைப்பு மேலாளர் எஸ்தர் சுகந்தி, பன்னிரண்டு ரெண்டுக்கு அறையில காத்து போயி இறந்துட்டாங்க. நாங்க உள்ள போயிருந்தோம். ஒரு மீட்டர் பாக்கி. ஆளுக யாருக்கும் சேதம் இல்ல. பத்தொம்பதாம் வளையம் பத்தி..."

நிறுத்தினார்.

"பத்தொம்பதாம் வளையத்துக்கு எந்த டிராயிங்குன்னு நான் சரிபாக்கல. என் தப்பு. அப்படியே எழுதிக்கோங்க."

இல்லை அண்ணாச்சி. இல்லை.

13:04

மறுப்பதற்கு ஒலிவாங்கியைத் திறந்தால் போதும். திறந்தால் நான் உயிரோடு இருப்பது தெரியும். விழுந்த கான்கிரீட்டுக்குள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு மறுபடி இறங்குவார். எனக்கு மிச்சமுள்ள மூன்று மணி நேரக் காற்றுக்குள் எட்டவும் முடியாது.

அதனால் இங்கே எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவர் முதலில் நாள் 213, 11:10 பதிவைப் படிக்கவும். தங்கப்பழம் சொன்னது உண்மையல்ல. வரைபடம் என் கையில் இருந்தது.

13:20

இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் போல. மூச்சு கேட்கிறது. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றார்.

15:35

தலை வலிக்கிறது. எழுத்து கோணுகிறது. அவர் எழுந்து போய்விட்டால் நல்லது என்று நினைக்கிறேன். போய்விடுவாரோ என்று பயமாகவும் இரு

15:52

அண்ணாச்சி இருமுகிறார். இருக்கிறார். ஒலிவாங்கிப் பொத்தானில் என் கட்டைவிரல். அழுத்தவில்லை இன்னும் அழுத்